இருபது மில்லிமீட்டர்

“என்னம்மா வேலை பார்க்கறே?” என்று வைத்தியர் கேட்டார்.

“பஞ்சு வேலைங்க. மெத்தை தைக்கிறோம்.”

எழுதிக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்துவிட்டார். “நான் மூக்கு வழியா மருந்து விடணும்ங்கறேன். நீ பஞ்சுக்குள்ள உட்கார்ந்திருக்கேங்கற. எப்படிம்மா ஆகும்?”

அவள் கணவனைப் பார்த்தாள். மெத்தைக்காரர் தன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கூட வந்திருந்த அவருடைய அக்காதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெருவில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட.

“மாசத்துல ஏழு நாள்தானே சொல்றீங்க? அந்த ஏழு நாளும் இவ கடைப் படி மிதிக்க மாட்டா. நான் பொறுப்பு.”

வைத்தியர் மறுபடியும் பேனாவை எடுத்தார். தீட்டு நின்ற மறுநாளிலிருந்து ஏழு நாள், காலையில் வயிற்றில் அதிகம் எதுவும் இல்லாமல் வர வேண்டும். இரண்டு மூக்கிலும் தைலம் விடுவார்கள். அந்த ஏழு நாளும் தூசி ஆகாது, புகை ஆகாது, பச்சைத் தண்ணீர் ஆகாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, கத்திப் பேசக் கூடாது.

“கோபப்படக் கூடாது. அழவும் கூடாது” என்றார்.

“சிரிக்கலாமா?” என்று பெரியக்கா கேட்டாள்.

“தாராளமா.”

“அதுக்கு எங்க வீட்டுல வழியில்லையே.”

வைத்தியர் சிரித்துவிட்டார். பிறகு மெத்தைக்காரரின் மனைவியிடம் மட்டும் திரும்பிச் சொன்னார்: “மூக்குல விடற மருந்து தலைக்கு வேலை செய்யும்மா. கர்ப்பப்பைக்கு உத்தரவு அங்கேயிருந்துதான் கீழ இறங்குது. அது சரியாச்சுன்னா முட்டை வளரும்ங்கறது எங்க கணக்கு. வளர்ந்தவங்க இருக்காங்க. வளராதவங்களும் இருக்காங்க. மூணு மாசம் பார்ப்போம். அதுக்கு மேல உன்கிட்ட ஆசை காட்ட மாட்டேன்.”

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். ரவிக்கைத் தோளில் எப்போதும் நூல் கோத்த கோணி ஊசி ஒன்று குத்தியிருப்பாள். அதனால் ஊசியக்கா என்று பெயர். குளிக்கும்போதுதான் அதைக் கழற்றுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் மாத்திரை, பிறகு ஒரு வருஷம் ஊசி மருந்து. முட்டை பத்து, பதினொன்று மில்லிமீட்டர் வரை வளரும், அப்படியே நின்றுவிடும். பதினெட்டாவது வர வேண்டும் என்பார்கள். மெத்தைக்காரருக்கும் அப்போதே டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று. அவரிடம் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பெரியக்கா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

கடை தெருவைப் பார்த்தது; வீடு அதற்குப் பின்னால். நடுவில் ஒரு மரக் கதவு. கடையில் பஞ்சு அடிக்கும் மெஷின் ஓடினால் வீட்டுக்குள் குடத்துத் தண்ணீர் நடுங்கும். கதவுக்குக் கீழே எவ்வளவு துணியை அடைத்தாலும் பஞ்சு வந்துவிடும். சோற்றில் கிடக்கும், சீப்பில் கிடக்கும், கண்ணாடியின் மேல் புகைபோலப் படியும். அந்த வீட்டில் யாரும் தும்மினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது.

முதல் மாதம் மெத்தைக்காரர் மெஷினையே நிறுத்திவிட்டார். கதவு இடுக்குகளை எல்லாம் டேப் போட்டு ஒட்டினார். அடிக்க வேண்டிய பஞ்சை மூட்டையாகக் கட்டி, சைக்கிளில் வைத்து, இன்னொருவர் கடைக்குக் கொண்டுபோய் அங்கே அடித்துக்கொண்டு வந்தார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. பஞ்சு மூட்டைக்குத் தார்ப்பாய் போர்த்தி, தான் நனைந்துகொண்டு வருவார். ஈரம் பட்டால் பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். மனிதனுக்கு அந்தக் கவலை இல்லை.

ஊசியக்காவின் இடத்தில் பெரியக்கா உட்கார்ந்து தைத்தாள். உறைக்குள் பஞ்சைப் பரப்பி, வாயைத் தைத்து மூடி, பிறகு பஞ்சு நகராமல் இருக்க ஒரு முழத்துக்கு ஒன்றாகக் குத்துத் தையல் போட வேண்டும். மேலிருந்து குத்தினால் ஊசி அடியில் நேராக இறங்க வேண்டும். பெரியக்கா குத்தியது எல்லாம் கோணிக்கொண்டு இறங்கியது.

“என்னக்கா இது, மெத்தையா, நெளிஞ்ச தட்டா?” என்றார் மெத்தைக்காரர்.

“படுக்கறவன் தூங்கப் போறானா, அளவெடுக்கப் போறானா? பேசாம பஞ்சைப் போடு.”

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊசியக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். கத்திப் பேசக் கூடாது என்பதால் பதில் சொல்ல முடியாது. மனதுக்குள்ளேயே அக்கா குத்தும் ஒவ்வொரு குத்தையும் பிரித்துத் திருப்பித் தைப்பாள்.

வைத்தியசாலையில் தைலம் விடுகிறவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டைக் குரல், அகலமான கை. குறுகலான அறை, ஒரு மரக் கட்டில், மூலையில் ஸ்டவ். முதலில் நெற்றி, கன்னம், மூக்கின் இரண்டு பக்கம், கழுத்து என்று இளஞ்சூட்டுத் தைலம் தேய்ப்பாள். பிறகு துணியைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்து ஒற்றடம் கொடுப்பாள். அதன் பிறகு தலையைக் கட்டிலின் விளிம்பில் பின்னால் சாய்த்து, மூக்கு நுனியைக் கட்டை விரலால் தூக்கிப் பிடித்து, ஒரு துளையை மூடி மற்றதில் சொட்டுச் சொட்டாக விடுவாள்.

“மெதுவா இழு. முழுங்காதே. தொண்டைக்கு வந்தா துப்பிடு.”

முதல் நாள் கண், காது, தொண்டை எல்லாம் எரிந்தது. கட்டிலுக்கடியில் இருந்த சட்டியில் துப்பினாள். கோழையோடு வெள்ளையாக நூல் நூலாக வந்தது. இருமி இருமி இன்னும் வந்தது.

“என்னடியம்மா இது, பஞ்சு மூட்டையையே உள்ள வச்சிருக்கே?” என்றாள் தைலக்காரம்மா.

“பதினெட்டு வயசுலேயிருந்து பஞ்சுதான். எங்க அப்பாவும் மெத்தைக் கடை.”

“உனக்கு முட்டை வளரலேன்னா ஏன்னு கேட்பானேன்? வாசல்லயே அடைச்சு வச்சிருக்கே.” சொல்லிவிட்டு அவளுடைய உள்ளங்காலைப் பிடித்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். “வரும். எல்லாம் வெளிய வந்துடும். கண்ணை மூடிக்க.”

கண்ணை மூடியபோது ஊசியக்காவுக்கு அழுகை வந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. வயிற்றை எத்தனையோ பேர் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். முகத்தை ஒருவரும் இப்படித் தொட்டதில்லை. அழக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டாள்.

முதல் மாதம் ஸ்கேனில் பதினொன்று. இரண்டாவது மாதம் பன்னிரண்டரை.

“ஒண்ணரை கூடியிருக்கு இல்ல?” என்றாள் பெரியக்கா. ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா ரிப்போர்ட்டை மடித்து நீட்டினாள்.

அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் பேச்சு எல்லாமே மில்லிமீட்டரில்தான் நடந்தது. எதிர்க்கடை டீக்காரர்கூட, “அண்ணே, எவ்வளவுக்கு வந்திருக்கு?” என்று கேட்டார். பெரியக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். பெரியக்காவுக்கு ரகசியம் என்றால் மெல்லிய குரலில் எல்லோரிடமும் சொல்வது.

மூன்றாவது மாதம் ஒரு விடுதிக்கு நாற்பது மெத்தை ஆர்டர் வந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாத வேலை. மெத்தைக்காரர் பகலெல்லாம் அந்த இன்னொருவர் கடையில் அடித்தார், இங்கே வந்து திணித்தார், தூக்கினார். ஊசியக்கா ஏழு நாள் போய் மூக்கைக் கொடுத்துவிட்டு வந்தாள். பத்தாம் நாள் ஸ்கேனில் பதினான்கு. பன்னிரண்டாம் நாள் பதினேழு. டாக்டரம்மா திரையை இன்னொரு முறை பார்த்தாள். பதினான்காம் நாள் காலையில் இருபது.

“இருபது மில்லிமீட்டர்” என்றாள் டாக்டரம்மா. “இந்தாங்க, பாருங்க. கறுப்பா வட்டமா இருக்குல்ல, அதுதான்.”

ஊசியக்கா பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மழை பெய்வதுபோல் இருந்த திரையில் கறுப்பாக ஒரு வட்டம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குள் அவளுடையது ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது.

“தைலத்தாலயா டாக்டர்?”

“எனக்குத் தெரியாதும்மா. சில மாசம் தானாவும் வரும். எதனால வந்தா என்ன? இன்னைக்கும் நாளைக்கும் விட்டுடாதீங்க. உங்க வயசுக்கு இது அடிக்கடி வர்ற விஷயம் இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் பெரியக்கா பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்தாள்.

“எங்கக்கா கிளம்பிட்டீங்க?” என்றாள் ஊசியக்கா.

“மக வீட்டுக்கு. ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். நான் இங்க இருந்து என்ன செய்யப் போறேன், விளக்கா பிடிக்கப் போறேன்?” தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: “டேய், மெத்தை எல்லாம் அப்படியே கிடக்கட்டும். விடுதிக்காரன் ரெண்டு நாள் தரையில படுத்தா செத்துட மாட்டான். ஷட்டரை இறக்கு.”

தெருவில் இறங்கி டீக்கடை முன்னால் நின்று, “ரெண்டு நாள் கடை கிடையாது, யாரும் தட்டாதீங்க!” என்று சொல்லிவிட்டுப் போனாள். டீக்கடை பெஞ்சில் இருந்த நான்கு பேரும் மெத்தைக்காரரைப் பார்த்தார்கள். ஒருவர் தம்ளரை உயர்த்திக் காட்டினார். மெத்தைக்காரர் ஷட்டரை இறக்கினார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. காலால் மிதித்து இறக்கினார்.

அவர் குளித்தார். தேய்த்து வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பகல் பன்னிரண்டு மணிக்குத் தேய்த்த சட்டையோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“எங்கே, பொண்ணு பார்க்கப் போறீங்களா?”

அவரும் சிரித்தார். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் ஷட்டரைத் தட்டினார்; டீக்காரர், “தட்டாதேய்யா, ஆள் இல்ல” என்று சொல்வதும், அதைத் தொடர்ந்து சிரிப்பும் கேட்டன.

முடியவில்லை.

கொஞ்ச நேரம் படுத்திருந்தார்கள். கஞ்சி குடித்தார்கள். அவள் விடுதி ஆர்டரைப் பற்றிப் பேசினாள். அவர் தலையணை உறைக்குத் துணி போதாது என்றார். பிறகும் முடியவில்லை. மறுநாள் காலையிலும் முடியவில்லை.

“நாற்பது மெத்தை தூக்கியிருக்கீங்க. அசதியா இருக்கும்” என்றாள்.

“மெத்தை தூக்கறது இன்னைக்கு நேத்தா?”

“சரி, கொஞ்சம் தூங்குங்க. சாயங்காலம்...”

“சாயங்காலம்னு சொல்லாத.” அவர் எழுந்து உட்கார்ந்தார். “அது உள்ள காத்துக்கிட்டு இருக்குன்னு நினைச்சாலே எனக்குக் கை கால் எல்லாம் விட்டுப்போகுது. அக்கா முகம் தெரியுது. அந்த டீக்கடைப் பசங்க முகம் தெரியுது. டாக்டர் சொன்ன நம்பர் காதுல கேட்குது. உன் முகம் மட்டும் தெரியல.”

“யாரையும் நினைக்காதீங்க.”

“நினைக்கலேன்னா வருது.”

அவள் அவருடைய முதுகைத் தடவினாள். தோள்பட்டையில் மூட்டை அழுத்தியே தோல் தடித்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கி அழுதார். அழக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமும் கழிந்தது.

மூன்றாம் நாள் ஸ்கேனுக்குப் போனபோது டாக்டரம்மா முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “முட்டை வெடிச்சு வெளிய வந்துடுச்சும்மா! ரொம்ப நல்லா வெடிச்சிருக்கு. பதினஞ்சு நாள் பொறுத்துப் பார்ப்போம். வெயிட் தூக்காதீங்க.”

வெளியே மெத்தைக்காரர் மடக்கிய குடையோடு நின்றார்.

“வெடிச்சிடுச்சாம்” என்றாள்.

“ம்.”

இருவரும் குடையை விரிக்காமலே தூறலில் பாதி தூரம் நடந்துவிட்டார்கள்.

வீட்டில் பெரியக்கா வந்து காத்திருந்தாள். “வெடிச்சிடுச்சா?” என்றாள். “வெடிச்சிடுச்சு” என்றாள் ஊசியக்கா. அது பொய்யில்லை. பெரியக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்தப் பதினான்கு நாள்தான் அவர்களுக்குக் கொடுமையாகப் போயிற்று. பெரியக்கா அவளைக் குனிய விடவில்லை. குடம் தூக்க விடவில்லை. காலையில் ஏலக்காய் தட்டிப் போட்ட பால், மதியம் நெய் விட்டுப் பிசைந்த சுடுசோறு. “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்று தட்டை நகர்த்துவாள். ஒன்பது வருஷம் அவளை, “இவளே” என்றே கூப்பிட்டு வந்தவள், “கண்ணு” என்று கூப்பிடத் தொடங்கினாள். தன் மகளின் பிள்ளைக்கு விரித்த சின்ன மெத்தையின் அளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“இப்பவே தைக்க வேண்டாம். அளவு மட்டும் இருக்கட்டும்” என்று தம்பியிடம் கொடுத்தாள்.

மெத்தைக்காரர் வாங்கிக்கொண்டார். கடைக்குள் போனார். மெஷின் ஓடத் தொடங்கியது. சாப்பிடக் கூப்பிட்டபோதும் அவர் நிறுத்தவில்லை. இலவம்பஞ்சு அடித்து முடித்து, பழைய பஞ்சையும் எடுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

ஊசியக்கா பாலைக் குடித்தாள். சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பெரியக்கா அவள் தலையைத் தன் மடியில் வைத்து ஈரிழுத்துக்கொண்டிருந்தபோது, “அக்கா” என்றாள்.

“சொல்லு கண்ணு.”

“இல்ல, ஒண்ணும் இல்ல.”

“பயமா இருக்கா?”

“ம்.”

“எனக்கும்தான்” என்றாள் பெரியக்கா.

பதினைந்தாம் நாள் காலையில் தீட்டு வந்தது. பெரியக்காவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. ஊசியக்காதான் கேஸை மூடி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“வெடிச்சதே, அப்புறம் ஏன் தங்கல?” என்று பெரியக்கா கேட்டாள்.

“என் உடம்புல தங்கலக்கா.”

மரக் கதவுக்கு அந்தப் பக்கம் ஊசி இறங்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

மதியம் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்தபோது மெத்தைக்காரர் தட்டைத் தொடவில்லை.

“நான் அக்காகிட்ட சொல்லிடறேன்” என்றார்.

“என்னன்னு?”

“நடந்ததை.”

அவள் ஷட்டருக்கு வெளியே பார்த்தாள். டீக்கடை பெஞ்சில் அதே நான்கு பேர். “அக்காகிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. நாளைக்கு மெத்தை வாங்க வர்றவன் எல்லாம் உங்களைப் பார்த்துச் சிரிப்பான். உங்களால தாங்க முடியாது.”

“உன்னால மட்டும் முடியுமா?”

“என்னைப் பார்த்து அவங்களுக்குப் பழகிடுச்சு. எனக்கும் பழகிடுச்சு. புதுசா இன்னொருத்தர் எதுக்கு?” தட்டை அவர் பக்கம் தள்ளினாள். “சாப்பிடுங்க, ஆறுது.”

அவர் சாப்பிட்டார். அன்றிலிருந்து அவர் அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவது குறைந்துபோயிற்று. கட்டிலில் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டுப் படுத்தார். அவள் கையை நீட்டினால் தூங்குவதுபோல் மூச்சு விடுவார். அவர் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

நான்காவது மாதம் அவளே வைத்தியரிடம் கெஞ்சி இன்னும் இரண்டு தடவை தைலம் விட்டுக்கொண்டாள். தைலக்காரம்மா அதே அகலமான கையால் தேய்த்தாள். சட்டியில் இப்போது பஞ்சு வரவில்லை, வெறும் கோழைதான். ஸ்கேனில் முதலில் பதினொன்று. அடுத்த மாதம் ஒன்பது. இரண்டு முட்டைகளும் அப்படியே சுருங்கிப்போயின.

ஆறாவது மாதம் போனபோது வைத்தியர் சீட்டை எடுக்கவில்லை.

“போதும்மா. ஒரு தடவை வந்துது. மறுபடி வரும்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன் வயசும் ஏறுது. நீ கொண்டுவர்ற பணத்தை வாங்கிக்கிட்டு நான் தைலம் விட்டுக்கிட்டே இருக்கலாம். அது தப்பு.”

“அந்த ஒரு தடவை வந்தது போனது போனதுதானா ஐயா?”

“உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. சில சமயம் எல்லாம் கூடி வந்தும் தங்காது.”

அவள் தலையாட்டினாள். வாசலில் செருப்பைப் போடும்போது தைலக்காரம்மா வெளியே வந்து, அவள் கன்னத்தில் கையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று வீட்டுக்கு வந்ததும் ஊசியக்கா கடைக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளவில்லை. பெரியக்கா குத்திய தையல்களைப் பிரித்து நேராகப் போட ஆரம்பித்தாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியக்காவுக்கு வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு அம்மா இருக்கிறாள், தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள், கஷாயம்தான், தைலம் கிய்லம் எதுவும் இல்லை.

“எதுக்குக்கா?” என்றார் மெத்தைக்காரர். அவ்வளவுதான் அவரால் கேட்க முடிந்தது.

“எதுக்குன்னா? நீ வாயை மூடு. ஒரு தடவை வெடிச்ச உடம்பு. தங்கறதுக்குத்தான் மருந்து வேணும்” என்றாள் பெரியக்கா.

ஊசியக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். “போயிட்டு வந்துடறேன். நீல உறை மட்டும் வாய் தைக்காம வச்சிருக்கேன். நான் வந்து தைச்சுக்கறேன்” என்று அவரிடம் சொன்னாள். அவர் உறையைப் பார்த்தபடியே சரி என்றார்.

அங்கே ஒரு ஓட்டு வீட்டின் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு சின்னக் குழந்தை, யாருடையதோ, எல்லோர் மடியிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது வந்தபோது ஒவ்வொருத்தியும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். மதியம் தாண்டித்தான் அவர்கள் முறை வந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட அந்த அம்மா நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுத்தாள்.

“கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“ஒன்பது முடிஞ்சு பத்து” என்றாள் பெரியக்கா.

“குறை யாருக்கு?”

பெரியக்கா பீரோவிலிருந்து எடுத்து வந்த காகிதத்தைப் பையில் தேடினாள். அவள் எடுப்பதற்குள் ஊசியக்கா சொன்னாள்.

“எனக்குத்தாங்க.”

பெரியக்கா, “ஆமா, இவளுக்குத்தான்” என்று தலையாட்டினாள். அந்த அம்மா குனிந்து எழுதிக்கொண்டாள்.